ஹெலன் ஒட்டிய சீட்டுகள்

குணசேகருக்கு ஹெலன்மேல் ஒரு கோபம் உண்டு. ஏழெட்டு வருஷத்துக் கோபம். நாளாக ஆக ஆறிவிடும் என்று அவர் மனைவி காந்தா நினைத்தாள். ஆறவில்லை. அவரும் ஆறவிடவில்லை.

பெங்களூர் அடுகோடியில் ஒர்க்ஷாப்புகளுக்கு நடுவே ஒரு பழைய கட்டடம். அதன் மூன்றாவது மாடியில் ஒரு ஆராய்ச்சி மையம். குணசேகர் அங்கே எலக்ட்ரீஷியன். லிஃப்ட், ஏ.சி., ஜெனரேட்டர், யு.பி.எஸ்., தண்ணீர் மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. ஒயரிங் இழுத்த நாளிலிருந்து அங்கேயே இருக்கிறார். எந்த சுவிட்சைத் தட்டினால் எது அணையும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பேனலில் ஒரு எழுத்து கிடையாது. மறந்துபோய் எழுதாமல் விட்டது இல்லை. மெயின் போனால் சர்வர் ரூமில் இருக்கிற படித்தவர்கள் அத்தனை பேரும் பேனல் முன்னால் கோயிலில் நிற்கிற மாதிரி நிற்பார்கள். ஈஜிபுராவில் இருக்கிற குணசேகர் வீட்டுக்கு ஃபோன் வரும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, மையத்தையும் மின்வாரியத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுப்பார். போய் ஒரு சுவிட்சைத் தட்டுவார். விளக்கு எரியும். "தேங்க்ஸ் குணா" என்பார்கள். இதைப் பெரிய தொல்லை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை மச்சினி கல்யாணத்துக்கு ஆம்பூர் போய்விட்டுத் திரும்பி வந்தால், பேனல் முழுக்கச் சீட்டு. வெள்ளைத் தாளில் அச்சடித்து, மேலே செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் மூன்று விஷயம். கரண்ட் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, இதை அணைத்தால் எதெல்லாம் சாகும். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் இருந்தது.

"யாரும்மா ஒட்டனது இது?"

"நான்தாண்ணா" என்றாள் ஹெலன். அவள் அப்போது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். "நீங்க ஊர்ல இல்லாதப்ப கரண்ட் போச்சு. ஒவ்வொண்ணா தட்டிப் பாத்து எழுதினேன். தப்பு எதனா இருக்கா?"

அவர் படித்துப் பார்த்தார். தப்பு இல்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என்னைக் கேட்டிருக்கலாமில்ல."

"உங்களக் கேக்காமலே செய்ய முடியணும்ணா. அதுக்குத்தான் சீட்டு."

அதற்குப் பிறகு ஃபோன் வரவில்லை. செக்யூரிட்டி வேலைக்கு வந்த ஒரு ஆள், மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன், சீட்டைப் பார்த்துத் தட்டினான். எல்லாம் எரிந்தது. காந்தா சொன்னாள்: "அந்தப் பொண்ணு புண்ணியத்துல ஞாயித்துக்கெழம வீட்ல ஒக்காந்து கறி துண்ற. அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?" பதில் இல்லாத கோபம்தான் அதிக நாள் தங்கும்.

ஹெலனும் கோலார் தங்கவயல்காரிதான், குணசேகர் மாதிரி. அவள் அப்பா டெஸ்மண்ட், தங்கச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை இயக்கியவர். கீழேயிருந்து மணி அடிப்பார்கள். இத்தனை மணி அடித்தால் ஆள் ஏறியிருக்கிறது, இத்தனை அடித்தால் கல் ஏறியிருக்கிறது என்று கணக்கு. அதே மணியை மேலேயிருந்து திருப்பி அடித்துக் காட்டிவிட்டுத்தான் கூண்டை அசைக்க வேண்டும். டெஸ்மண்ட் வீட்டிலும் அப்படித்தான். கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்றால், "உப்பு" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். அவர் மனைவி எலிசபெத்தம்மாவுக்கு இந்தப் பழக்கம் கடைசிவரை பிடிக்கவில்லை.

சுரங்கத்தை மூடினபோது ஹெலன் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள். டெஸ்மண்ட் பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டுக்குக் காவலுக்குப் போனார். மகள் பெங்களூரில் பி.எஸ்ஸி. சேர்ந்ததும் இரண்டு பேரும் தினமும் தங்கவயல் மாரிகுப்பத்தில் ஒரே ரயில் ஏறினார்கள். மகள் பெண்கள் பெட்டியில், அப்பா பொதுப் பெட்டியில். கன்டோன்மென்டில் இறங்கி, தூரத்திலிருந்தே ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பிரிவார்கள். யூனிஃபார்மோடு பக்கத்தில் வந்தால் மகளோடு படிக்கிற பெண்கள் பார்ப்பார்கள் என்று அவர் நினைத்தார். அவர்கள் பார்த்துவிட்டு ஒன்றும் நினைக்கவில்லை என்று ஹெலன் சொன்னதை அவர் நம்பவில்லை. சுரங்கத்தில் வேலை பார்த்த பலரைப் போல அவரும் நெஞ்சில் தூசியோடு போய்ச் சேர்ந்தார். ஹெலன் எம்.எஸ்ஸி. முடித்தாள், ஒரு டிப்ளமோவும் படித்தாள், அதே ரயிலில் வேலைக்கு வந்தாள். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கு ரயில் நேரத்தைச் சொன்னாள். பாதிப் பேர் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மையத்தில் அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது குணசேகருக்கு ரொம்ப நாள் புரியவில்லை. சோதனைக் குழாய் கிடையாது, எலி கிடையாது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர். ஒரு நாள் அவள் டேபிளுக்குக் கீழே பிளக் பாயின்ட் மாற்றும்போது கேட்டார்.

"இன்னாதாம்மா செய்றீங்க நீங்கல்லாம்?"

"சீட்டு ஒட்டறேண்ணா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கிண்டல் செய்கிற முகமாக இல்லை.

உண்மையில் அதுதான் வேலை. நம் உடம்பில், செடியில், கிருமியில் இருக்கிற மரபணுக்களை எழுத்து வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையை வைத்து ஒவ்வொரு கணக்குப் போட உலகம் முழுக்க ஒவ்வொரு லேபும் ஒரு புரோகிராம் எழுதி இன்டர்நெட்டில் போட்டிருக்கிறது. இதற்கு 'சர்வீஸ்' என்று பேர். நீங்கள் இங்கிருந்து வரிசையைக் கொடுத்தால், எங்கேயோ இருக்கிற அது பதிலைத் திருப்பித் தரும். ஆனால் எது எதை வாங்கும், எதைத் தரும் என்று எழுதி வைத்தவர்கள் அவரவர் வாய்க்கு வந்த மாதிரி எழுதியிருந்தார்கள். ஒருவர் 'சீக்வென்ஸ்' என்பார், இன்னொருவர் 'இன்புட்' என்பார், மூன்றாமவர் 'டேட்டா' என்று போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பார். மனிதன் படித்தாலே புரியாது. மெஷினுக்கு எங்கே புரியும்?

அதனால் எல்லோரும் ஒத்துக்கொண்ட சொற்களை ஒரு மரம் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். பெரிய கிளை, சின்னக் கிளை, இலை. ஹெலன் ஒவ்வொரு சர்வீஸாக எடுத்து, ஓட்டிப் பார்த்து, அது வாங்குவதற்கு ஒரு சொல்லும் தருவதற்கு ஒரு சொல்லும் அந்த மரத்திலிருந்து பறித்து ஒட்டுவாள். மெஷின் அந்தச் சொற்களைப் படித்து, ஒன்று தருவதை இன்னொன்று வாங்கும் என்று தானே கண்டுபிடித்து, இரண்டையும் தானே கோத்துக்கொள்ளும். யாரையும் யாரும் கேட்க வேண்டாம்.

"பிளக்கும் சாக்கெட்டும் மாதிரி" என்றார் குணசேகர். "மூணு பின்னு மூணு ஓட்டையில போவும்."

"ஆமாண்ணா. ஆனா பின்னு சரியா போயி, வோல்டேஜ் வேறயா இருந்தா?"

"எரிஞ்சி போவும்."

"எரிஞ்சா பரவால்லண்ணா. தெரிஞ்சிடும். எரியாம ஓடுச்சுன்னா?"

அவர் யோசித்துப் பார்த்தார். எரியாமல் தப்பாக ஓடுகிற ஒன்றை அவர் தொழிலில் அவர் பார்த்ததில்லை. இவர்கள் தொழிலில் அதுதான் தினப்படி என்று அவள் சொன்னாள். அன்றைக்கு அவள்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. கோபம் அது பாட்டுக்கு இருந்தது.

அவளுக்கு அந்த மரத்தில் ஒரு குறை இருந்தது. 'இடம்' என்ற ஒரே ஒரு சொல். எழுத்து வரிசையில் எத்தனையாவது எழுத்து என்பதைச் சொல்ல அது. ஆனால் பாதி லேப்கள் முதல் எழுத்தை ஒன்று என்று எண்ணுகின்றன. மீதி லேப்கள் பூஜ்யம் என்று எண்ணுகின்றன. நம் மையத்து லிஃப்டில் தரைத்தளம் பூஜ்யம், எதிர்க் கட்டடத்து லிஃப்டில் தரைத்தளம் ஒன்று, அதனால் கூரியர்காரன் தினமும் ஒரு மாடி மாறி இறங்கி நின்று கதவைத் தட்டுகிறான் இல்லையா, அந்த மாதிரி. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்று ஹெலன் மரத்தைப் பார்த்துக்கொள்ளும் கமிட்டிக்கு எழுதினாள்.

கமிட்டியில் பல நாட்டுக்காரர்கள். அருமையான யோசனை என்றார்கள். அப்புறம் ஒருவர், பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவர்கள் எழுத்துகளை எண்ணவே இல்லை, எழுத்துகளுக்கு நடுவே இருக்கிற சந்துகளை எண்ணுகிறார்கள் என்றார். அப்படியானால் சந்துக்குத் தனிக் கிளை வேண்டும் என்றார் இன்னொருவர். சந்து என்பது இடமா, இரண்டு இடங்களின் உறவா என்று மூன்றாமவர் கேட்டார். இந்தக் கேள்விக்காகவே ஒரு வருஷம் கழித்து ஏதோ ஒரு ஊரில் கூடி, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, அடுத்த வருஷம் முடிவு செய்வதென்று முடிவு செய்தார்கள்.

அதுவரை ஹெலன் ஒரு வழி பண்ணினாள். பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற ஒவ்வொரு சர்வீஸுக்கும் மரத்துச் சொல்லை ஒட்டிவிட்டு, கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் சாதாரண வாக்கியமாக எழுதி வைத்தாள்: இது பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, கவனம். படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று.

மையத்து டைரக்டர் ரகுராம் போன வருஷம் புதுசாக ஒன்றைத் திறந்து வைத்தார். கேள்வியை மட்டும் கேட்டால் போதும், எந்த சர்வீஸை எதோடு கோக்க வேண்டும் என்று மெஷினே பார்த்துச் செய்து பதிலைக் கையில் கொடுத்துவிடும். கேக் வெட்டினார்கள். குணசேகருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. ஹெலனும் கை தட்டினாள். தன்னுடைய குறிப்புக் கட்டத்தை மெஷின் படிக்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாபகத்துக்கு வந்தது இந்த வருஷம், ஒரு திங்கட்கிழமை. மெஷின் எதோடு எதை அதிகமாகக் கோக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஜோடி கண்ணில் பட்டது. முதல் சர்வீஸ், நோயாளியின் மரபணுவில் எந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்று சொல்லும். பூஜ்யத்திலிருந்து எண்ணிச் சொல்லும். இரண்டாவது, அந்த இடத்தை வாங்கிக்கொண்டு, அங்கே நோய் தரும் மாற்றம் உண்டா என்று பார்க்கும். ஒன்றிலிருந்து எண்ணிப் பார்க்கும். அதாவது பக்கத்து எழுத்தைப் பார்க்கும். பக்கத்து எழுத்து பாவம் நல்ல எழுத்து. ஒன்றும் இல்லை என்று பதில் போகும்.

பதில் போயிருந்தது. பெரும்பாலும் காலேஜ் மாணவர்களுக்கு. ஒன்று மட்டும் ஸ்ரீராம்புரத்தில் ஒரு கிளினிக்குக்கு. இரத்த சோகை பரம்பரையாக வருகிற குடும்பங்களைப் பார்க்கிற கிளினிக் அது. இதெல்லாம் ஆராய்ச்சிக்கு மட்டும், வைத்தியத்துக்கு அல்ல என்று மையத்தின் பக்கத்தில் கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அதையும் மனிதர்கள்தான் படிக்க வேண்டும். மெஷினிடம் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பேர் வைக்கிற கட்டத்தில், அந்தக் கிளினிக்காரர்கள் 'மனைவி, கர்ப்பம், கணவனுக்கு உறுதி' என்று அடித்திருந்தார்கள்.

மதியம் குணசேகர் மொட்டை மாடியில் ஏ.சி.க்குக் கேஸ் அடைத்துக்கொண்டிருந்தபோது ஹெலன் அங்கே வந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றாள்.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது."

அவள் சொன்னாள். புருஷனுக்கு அந்தக் குறை இருப்பது ஏற்கனவே தெரியும். பெண்டாட்டிக்கும் இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கடுமையாக வர வாய்ப்பு உண்டு. சீக்கிரமே பிள்ளைக்கும் சோதனை செய்து பார்க்க வேண்டும். பெண்டாட்டிக்கு இல்லை என்று ரிப்போர்ட் போயிருக்கிறது. சரியாக எண்ணி ஓட்டினால் இருக்கிறது என்று வருகிறது.

"சோதனைக்கு நேரம் இருக்கா?"

"இருக்கும்ணு நெனக்கிறேன். ரொம்ப நாள் இருக்காது."

"நீதான் எழுதி வெச்சியே. பூஜ்யம்னு."

"எழுதினேண்ணா. மனுஷங்க படிக்கிற எடத்துல எழுதினேன். மனுஷங்க படிக்க வேண்டாங்கிறதுக்காக அத்தன வருஷம் வேல செஞ்சிட்டு, அத மட்டும் மனுஷங்க படிக்கிற எடத்துல எழுதினேன்."

அவர் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் ரகுராமிடம் போனாள். அந்த அறையில் டியூப் லைட் விட்டு விட்டு எரிகிறது என்று புகார் வந்ததால் குணசேகரும் ஏணிமேல் இருந்தார். ரகுராம் கெட்டவர் இல்லை. தலை நரைத்துப்போன, பல் வலிக்காரர். வியாழக்கிழமை டெல்லியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். மையத்தைத் தொடர்ந்து நடத்தலாமா, மூடலாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

"கரெக்ட் பண்ண வேணாம்னு நான் சொல்லல, ஹெலன். வியாழக்கிழமைக்கு அப்புறம்னு சொல்றேன்."

"சார், ப்ரெக்னன்ட் லேடி."

"புரியுது. அந்த கிளினிக்குக்கு மட்டும் இன்னிக்கே மெயில் போடுங்க. ஆனா அந்த சர்வீஸ்ல நீங்க ஒட்டின டேக்ல கை வெக்காதீங்க. டெமோவே அந்த ஜோடிலதான் ஓடுது."

"டெமோல வர்ற பதிலும் தப்பு சார்."

"அது அவங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும் சார்."

ரகுராம் தாடையைப் பிடித்துக்கொண்டார். "இந்த மையம் மூடினா, நீங்க ஒட்டின டேக் ஒண்ணுகூட மிஞ்சாது. அதையும் யோசிங்க" என்றார். அதுவும் நியாயம்தான். ஏணிமேல் இருந்தவருக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் அவருக்குத் தலை வலிக்கும். லைட் எரிந்துவிட்டது, ஆனாலும் கொஞ்ச நேரம் ஸ்டார்ட்டரைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஹெலன் கிளினிக்குக்கு மெயில் போட்டாள். பதில் இல்லை. புதன்கிழமை மறுபடி போட்டாள். பதில் இல்லை. மதியத்துக்குள் இன்னொரு காலேஜ்காரர்கள் அதே ஜோடியை ஓட்டியிருந்தார்கள். அவள் முதல் சர்வீஸிலிருந்து 'இடம்' என்ற சொல்லை எடுத்துவிட்டாள். சொல் ஒட்டாததை மெஷின் எதோடும் கோக்காது. பயன்படுத்திய எல்லோருக்கும் நடந்ததை எழுதி, கீழே தன் பேரைப் போட்டு அனுப்பினாள். ரகுராமுக்கும் ஒரு நகல் போனது. அவர் அன்றைக்குப் பல் டாக்டரிடம் இருந்தார்.

வியாழக்கிழமை டெல்லிக்காரர்கள் வந்தார்கள். ரகுராம் பெரிய திரையில் கேள்வியை அடித்தார். மெஷின் யோசித்தது. வழி இல்லை என்று போட்டது. ரகுராம் மறுபடி அடித்தார். வழி இல்லை. ஒருவர் இருமினார். ஹெலன் எழுந்து, ஏன் வழி இல்லை என்று சொன்னாள். பூஜ்யம், ஒன்று, சந்து, குறிப்புக் கட்டம் எல்லாம் சொன்னாள். அவர்கள் அமைதியாகக் கேட்டுக்கொண்டார்கள். மிகவும் சுவாரசியமான பிரச்சினை என்றார்கள். இதே மாதிரி இன்னும் எத்தனை ஜோடி இருக்கும் என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். அதைக் குறித்துக்கொண்டார்கள். ஜன்னல் ஏ.சி.யைப் பார்க்கிற சாக்கில் உள்ளே நின்றிருந்த குணசேகர், தெரியாது என்று இத்தனை சத்தமாகச் சொல்ல வேண்டுமா என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ரகுராம் அவளைக் கூப்பிட்டார். மையம் ஒரு வருஷம் ஓடும். ஆனால் ஆட்களைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. மாதக் கடைசி என்பது மறுநாள். இனி யாருக்கு எதை எழுத வேண்டுமானாலும் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும், நீங்கள் தனியாக யாரையும் தொடர்புகொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவள் பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் குணசேகரின் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, ஸ்ரீராம்புரம் எந்த பஸ்ஸு?"

"ஒக்காரு. போற வழிதான்."

அவர் போகிற வழி ஈஜிபுரா. ஸ்ரீராம்புரம் ஊருக்கு அந்தப் பக்கம். அவள் அதைச் சொல்லவில்லை.

கிளினிக் ஒரு சந்துக்குள், இஸ்திரி கடைக்கு மாடியில் இருந்தது. வரவேற்பில் சந்திரம்மா என்று ஒரு கன்னடப் பெண்மணி. மல்லிகைப் பூ, கழுத்தில் சாவிக்கொத்து.

"டாக்டர் உஷா மேடம் இல்ல. மதுரைக்குப் போயிருக்காங்க. சோமவாரா பர்த்தாரே. திங்கக்கெழம" என்றாள்.

"அவசரம்மா" என்றாள் ஹெலன். "ரிப்போர்ட் ஒண்ணு தப்பாப் போயிருக்கு."

"யாரு பேஷன்ட்டு?"

"பேரு தெரியாது."

"பேரே தெரியாம ரிப்போர்ட் தப்புன்னு எப்பிடி சொல்றீங்க? நீங்க எந்த லேபு?"

"லேப் இல்ல. லேபெல்லாம் எது எது இன்னா செய்யும்னு எழுதி வெக்கிற எடம்."

சந்திரம்மா குணசேகரைப் பார்த்தாள். "நீங்க?"

"எலக்ட்ரீஷியன்."

இது நிலைமையைத் தெளிவாக்கவில்லை.

"மேடம் நம்பராச்சும் குடுங்கம்மா" என்றாள் ஹெலன்.

"நம்பர் குடுக்க பேடான்னு சொல்லிருக்காங்க. குடுத்தா என் வேல போயிடும்."

"எனக்குப் போயிடுச்சும்மா. இதுக்குத்தான்."

சந்திரம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். மனசு இரங்கினது முகத்தில் தெரிந்தது. நாற்காலியைக் காட்டினாள். தண்ணீர் கொடுத்தாள். தானே டாக்டருக்கு ஃபோன் போட்டாள். அணைத்து வைத்திருக்கிறது என்று வந்தது. "திங்கக்கெழம காலைல வந்ததும் மொதல் வேலையா சொல்றேன், ஆய்த்தா, சரியா?" என்றாள். ஹெலன் தலையாட்டினாள். படி இறங்கும்போது சொன்னாள்: "இன்னா சொல்லுவாங்கண்ணா அந்தம்மா? யாரோ வந்தாங்க, பேஷன்ட் பேரு தெரியாது, கூட ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தாரு. அவ்ளதான சொல்லுவாங்க?"

"அப்ப திங்கக்கெழம நீயே வா."

"அம்மாவுக்கு அன்னிக்குக் கண் ஆபரேஷன். கோலார்ல. எத்தினி மாசமா நாள் கேட்டுக் கெடச்சிருக்கு. கையெழுத்துப் போட நான் ஒருத்திதான் இருக்கேன்."

சனிக்கிழமை மையத்தில் டீ, சமோசா. ரகுராம் நாலு வார்த்தை நல்லதாகவே பேசினார். பேசின எல்லாமே உண்மை. ஒரு பூங்கொத்தும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை. குணசேகர் போய் வாங்கி வந்து போட்டுக் கொடுத்தார். அவள் அடுத்த மாதம் தங்கவயலிலேயே, ராபர்ட்சன்பேட்டையில் சர்ச் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேரப்போகிறாள். ஃபாதர் இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரயில் மிச்சம் என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு பையையும் கடிகாரத்தையும் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு வந்தாள். குணசேகரும் கூட இறங்கினார். பேனலில் சீட்டு ஒட்டின விஷயத்தை இப்போதாவது கேட்டுவிடலாமா என்று அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. என்ன கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

கேட்டுக்கு வெளியே ஹோசூர் ரோடு பஸ்களின் இரைச்சல். அவள் கடிகாரத்தை மதில்மேல் வைத்தாள்.

"அண்ணா, திங்கக்கெழம நீங்க போகணும்."

"நானா? நான் எட்டாவதும்மா. டாக்டருகிட்ட போயி நான் இன்னாத்தச் சொல்றது?"

"நான் மெயில்ல ஒரு பக்கம் எழுதினேன். யாரும் படிக்கல. நீங்க ரெண்டே வார்த்த சொன்னா போதும். அந்த ரிப்போர்ட்டு ஒரு எழுத்து தள்ளிப் பாத்துட்டுது. சரியாப் பாத்தா அந்தப் பொண்ணுக்கு இருக்கு."

"ஒரு எழுத்து தள்ளிப் பாத்துட்டுது" என்றார் அவர். "சரியாப் பாத்தா இருக்கு. எந்தப் பொண்ணுன்னு கேட்டா?"

"கர்ப்பமா இருக்கிற பொண்ணு, புருஷனுக்கு இருக்கிறது ஏற்கனவே தெரியும்னு சொல்லுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிடும். நம்ப முடியலன்னா ரத்தத்த வேற லேபுல மறுபடி பாக்கச் சொல்லுங்க. அதுதான் நல்லது."

"ஆபீஸ்ல யாரையும் பாக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

"என்னத்தான சொன்னாங்க. உங்கள யாரும் சொல்லல."

அவர் கழுத்தைச் சொறிந்தார். லீவு கேட்க வேண்டும். காந்தாவிடம் சொல்ல வேண்டும். இஸ்திரி கடை மாடியில் அந்த சாவிக்கொத்து அம்மா என்ன சொல்வாளோ.

"சரி. போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்."

"சொல்லிட்டு வந்துடக் கூடாதுண்ணா" என்றாள் ஹெலன். "பாக்கறேன்னு சொல்லுவாங்க, சிரிப்பாங்க, தேங்க்ஸ்னு கூடச் சொல்லுவாங்க. எழுந்துக்காதீங்க. எவ்ள நேரமானாலும் அந்த நாற்காலியிலயே ஒக்காந்திருங்க. அவங்க ஃபோன எடுத்து அந்தப் பொண்ணுகிட்ட, நாளைக்கே வாம்மான்னு சொல்றத உங்க காதால கேட்டுட்டு, அப்புறமா எனக்கு ஃபோன் பண்ணுங்க."